மாற்றங்களைக் காட்டு

ஜூன் 9, திங்கள்

அலுவலகக் கணினிகளில் இருக்கும் ஆபீஸ் மென்பொருளின் உரிமம் அடுத்த மாதத்தோடு முடிகிறது. புதுப்பிக்கப் போவதில்லை என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. இலவசமாகக் கிடைக்கும் மூன்று தொகுப்புகளில் எது எங்கள் பாலிடெக்னிக்குக்கு ஒத்துவரும் என்று பார்த்து ஜூலை நடுவில் அறிக்கை தர வேண்டும். முதல்வர் குப்புராஜ் சார் என் பெயரைச் சொல்லியிருக்கிறார்.

"வசந்தாமணி மேடம், இருபத்தாறு வருசமா இங்கிருந்து போற அத்தனை காயிதமும் உங்க கை பட்டுத்தான் போவுது. நீங்க சரின்னா சரிங்க."

அலுவலகக் கண்காணிப்பாளராக ஆனபின் புதிதாக எதையும் கற்றுக்கொள்ளும்படி என்னிடம் யாரும் சொன்னதில்லை. சரி என்றேன்.

உதவிக்குக் கணினித் துறை விரிவுரையாளர் நிவேதிதா. முப்பது வயதுகூட இருக்காது. மூன்று தொகுப்பும் விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடுமாம். அலுவலகத்தில் விண்டோஸ், ஆய்வகத்தில் லினக்ஸ், முதல்வர் அறையில் யாரும் தொடாத ஒரு மேக். ஆக ஒவ்வொரு கோப்பையும் ஒன்பது தடவை திறந்து பார்க்க வேண்டும். தினமும் பார்த்ததை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கடைசியில் எது எதில் கெட்டது என்று மறந்துபோகும் என்றார். அதற்குத்தான் இந்த நோட்டு. தொகுப்புகளின் பெயரை எழுதப் போவதில்லை. அ, ஆ, இ.

வீட்டில் குழாய்த் தண்ணீர் வந்து நாலு நாள் ஆகிறது.

ஜூன் 11, புதன்

படிப்புச் சான்றிதழ் கோப்பு. அ, விண்டோஸில் சரி. லினக்ஸில் கல்லூரிச் சின்னம் நகர்ந்து மாணவியின் பெயர் மேல் உட்கார்ந்துகொண்டது. ஆ, மூன்றிலும் சரி, ஆனால் கீழ்க்கோடு தடித்துவிட்டது. இ, மேக்கில் தேதி மட்டும் அடுத்த வரிக்குப் போகிறது.

2009க்கு முந்தைய சுற்றறிக்கைகள் ஒன்பது கட்டத்திலும் தோல்வி. பழைய எழுத்துருவில் அடித்தவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் 'திரு' என்பது தலைகீழ்க் கேள்விக்குறியும் நட்சத்திரமுமாக வருகிறது. அடித்தது நான்தான் என்றாலும் என்னாலேயே படிக்க முடியவில்லை. இது தொகுப்பின் குற்றம் அல்ல என்று நிவேதிதா சொன்னார். குறித்துக்கொண்டேன்.

ஜூன் 12, வியாழன்

மழை. ஆய்வகத்தில் கரண்ட் இல்லை.

ஜூன் 16, திங்கள்

ஆறுச்சாமி வந்திருந்தார்.

வெல்டிங் பட்டறையில் உதவியாளராக இருந்தவர். போன வருடம் பிப்ரவரியில் எரிவாயுக் குழாய் பிளந்து தீப்பிடித்து ஒரு மாணவனின் இடது கை வெந்துபோனது. மூன்று பேர் விசாரணைக் குழு உட்கார்ந்தது. குழாயைச் சோதிக்காமல் விட்டது உதவியாளரின் கவனக்குறைவு என்று அறிக்கை வந்தது. அவரை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது ஆனைமலைப் பக்கம் ஒரு தென்னை நார் மில்லில் இருக்கிறாராம். சட்டைக் காலரில், புருவத்தில் எல்லாம் நார்த்தூள்.

"ஏனுங் மேடம், அந்த ரிப்போர்ட்டு காப்பி ஒண்ணு வேணுமுங்க."

"எந்த ரிப்போர்ட்?"

"என்னைய நிறுத்துனாங்கல்ல, அதுங்க. மேல அப்பீல் போட்டிருக்கேன். ஆகஸ்ட்டுல கோயமுத்தூருக்கு வரச் சொல்லியிருக்காங்க."

மனு எழுதி வாங்கிக்கொண்டு முதல்வரிடம் ஒப்புதல் பெற்று, சான்றிட்ட நகல் கொடுத்தேன். எல்லாம் முறைப்படி. அவர் நின்றுகொண்டே படித்தார். முதல் பக்கம், இரண்டாம் பக்கம், திரும்பவும் முதல் பக்கம்.

"இவ்வளவுதானுங்களா?"

"இவ்வளவுதான். ரெண்டு பக்கத்துக்குள்ள இருக்கணும்னு முதல்வர் சொல்லியிருந்தார்."

"நான் முக்கா மணி நேரம் பேசுனேனுங்க."

மடித்துப் பையில் வைத்தார். வரேனுங்க என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிற்பகல் இ தொகுப்பை லினக்ஸில் நிறுவினோம். பதினோரு நிமிடம்.

ஜூன் 20, வெள்ளி

கால அட்டவணை, வருகைப் பதிவு. விரிதாள்களில் ஆ நன்றாக இருக்கிறது. வண்ணக் கட்டங்களை மூன்று இயங்குதளத்திலும் அப்படியே காட்டுகிறது. அ, இருநூறு பெயருக்கு மேல் போனால் யோசிக்கிறது.

நிவேதிதா வேகமாகப் பேசுகிறவர். ஆனால் நான் தட்டச்சு செய்யும்போது பேசுவதில்லை. இது நல்ல பழக்கம்.

வீட்டுக்காரருக்கு மிக்ஸி ரிப்பேர் கடையில் ஆடி மாதத்துக்கு முன் கூட்டம். மத்தியானச் சாப்பாட்டைக் கடைக்கே கொடுத்துவிடச் சொல்கிறார்.

ஜூன் 24, செவ்வாய்

ஒரு கோப்பை ஒருவர் எழுதி, இன்னொருவர் திருத்தினால், சேர்த்தது, அழித்தது, ஓரத்தில் எழுதிய குறிப்பு, எழுதியவர் பெயர், நேரம் எல்லாம் கோப்புக்குள்ளேயே தங்குமாம். அழித்தது போய்விடாது. மறைந்துதான் இருக்கும். மாற்றங்களைப் பதியும் வசதியை யாராவது போட்டு வைத்திருந்தால் போதும். இதை ஒவ்வொரு தொகுப்பும் ஒவ்வொரு மாதிரி காட்டும், முக்கியமான சோதனை என்றார் நிவேதிதா.

"நம்ம ஆபீஸ்ல நாலு பேர் கை மாறுன கோப்பு ஏதாவது இருக்குங்களா மேடம்?"

அப்படி எதுவும் நினைவில் இல்லை என்றேன்.

ஜூன் 25, புதன்

விடுதி விதிகள் கோப்பை எடுத்து நானே நாலு இடத்தில் அழித்து, நாலு இடத்தில் சேர்த்து ஒரு மாதிரிக் கோப்பு செய்துகொண்டு போனேன். ஒன்பதிலும் திறந்து காட்டினேன்.

"இது நாமளா செஞ்சதுங்க மேடம். நெசமா வேலை செஞ்ச கோப்புலதான் சிக்கல் எல்லாம் வரும்."

தேடிப் பார்க்கிறேன் என்றேன்.

ஜூன் 27, வெள்ளி

நிவேதிதாவே பொதுக் கோப்பகத்தில் தேடி ஒன்றை எடுத்துவிட்டார். 'பட்டறை விசாரணை இறுதி'. குழுவில் மூன்று பேரும் அலுவலகமும் மின்னஞ்சலில் மாற்றி மாற்றி அனுப்பியது.

"இது சரியா இருக்கும் மேடம். அஞ்சாறு கை பட்டிருக்குது."

அது ரகசியக் கோப்பு என்றேன். "பாஸ்வேர்டு எதும் போடலீங்களே மேடம், எல்லாரும் பாக்குற இடத்துலதான் கெடக்குது" என்றார். அதுவும் உண்மை.

அ தொகுப்பு, விண்டோஸ். இரண்டு பக்கம். சுத்தமாகத் திறந்தது. திருத்தம், குறிப்பு எதுவும் தெரியவில்லை. மாற்றங்களைத் தானாகக் காட்டாத தொகுப்பு என்று நிவேதிதா குறித்துக்கொண்டார். மெனுவுக்குள் போய்ப் பார்க்கலாம் என்றார். அதற்குள் அவருக்கு வகுப்புக்கு மணி அடித்துவிட்டது.

கேன்டீனில் தக்காளி சாதம். இரண்டாவது தட்டும் வாங்கினேன்.

ஜூலை 1, செவ்வாய்

ஆ தொகுப்பு, லினக்ஸ், ஆய்வகம். நிவேதிதா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

இரண்டு பக்கக் கோப்பு மூன்று பக்கமாகத் திறந்தது. எழுத்துரு வேறு என்பதால் இருக்கும் என்று சொன்னேன். அது இல்லை. இரண்டாம் பக்கத்தின் நடுவில் சிவப்பு எழுத்தில், நடுவே கோடு போட்டு, ஒரு பத்தி இருந்தது.

நிவேதிதா வாய்விட்டுப் படித்தார். "'எரிவாயுக் குழாய் வெடிப்பு விட்டிருப்பதையும் புதிய குழாய் தேவைப்படுவதையும் ஜனவரியிலும் பிப்ரவரியிலும் இரண்டு முறை எழுதிக் கண்காணிப்பாளரிடம் நேரில் கொடுத்ததாக உதவியாளர் ஆறுச்சாமி கூறினார்.'"

சுட்டியை அதன் மேல் வைத்தார். ஒரு சின்னப் பெட்டி வந்தது. நீக்கியவர்: வசந்தாமணி. மார்ச் 14, மாலை 4.52.

"கண்காணிப்பாளர்ன்னா நீங்கதானுங்களே மேடம்?"

"அப்பவும் நான்தான்."

"இத ஏனுங்க எடுத்தீங்க?"

"பக்கம் கூடுதலா இருந்துது. முதல்வர் சுருக்கச் சொன்னார்."

அவர் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு நோட்டில் 'ஆ: அழித்தவற்றைத் தானாகவே காட்டுகிறது, பெயர் மற்றும் நேரத்துடன்' என்று எழுதினார். எனக்கு வேறு வேலை இருந்தது. வந்துவிட்டேன்.

ஜூலை 2, புதன்

விடுப்பு. தலைவலி. புளி ஐந்து கிலோவுக்கும் கொட்டை எடுத்து முடித்தேன்.

ஜூலை 4, வெள்ளி

விசாரணைக் குழுவின் முன் ஒருவர் சொல்லும் எல்லாவற்றையும் அறிக்கையில் சேர்க்க வேண்டும் என்பதில்லை. ஆதாரம் கிடைத்தால் சேர்க்கலாம். கிடைக்காததை எடுத்துவிடுவது வழக்கம்தான். இதை நிவேதிதாவிடம் சொல்லலாம் என்று போனேன். அவர் கேட்காததால் சொல்லவில்லை.

இன்று தெரிந்துகொண்டது: மூன்று தொகுப்பிலும் 'எல்லா மாற்றங்களையும் ஏற்றுக்கொள்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அமுக்கினால் அழித்தது உண்மையாகவே அழிந்துவிடும். பெயர், நேரம், எதுவும் இருக்காது. விடுதி விதிகள் கோப்பில் அமுக்கிப் பார்த்தேன். ஒரு நொடிகூட ஆகவில்லை. நல்ல வசதி. பழைய கோப்புகளைப் புதிய தொகுப்புக்கு மாற்றும்போது எல்லாவற்றிலும் இதைச் செய்துவிட்டால் பின்னால் குழப்பம் வராது. அறிக்கையில் பரிந்துரைக்கலாம்.

மொத்தம் நாலாயிரத்துச் சொச்சம் கோப்புகள். மாற்றும் பொறுப்பு என்னுடையது. யாரும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கப் போவதில்லை.

ஜூலை 7, திங்கள்

இ தொகுப்பு, மேக். முதல்வர் சென்னைக்குப் போயிருக்கிறார். நிவேதிதாவுக்கு இன்று தேர்வுப் பணி. அறையில் நான் மட்டும்.

இ அழித்ததையும் காட்டியது. அதோடு நிற்கவில்லை. வலது ஓரத்தில் குறிப்புகளையும் வரிசையாகக் காட்டியது. 'முடிந்தது' என்று மூடிவிட்ட குறிப்புகளை அ, ஆ இரண்டும் மறைத்துவிடுகின்றன. இ அவற்றைச் சாம்பல் நிறத்தில் வைத்திருக்கிறது. அந்தப் பத்திக்கு நேராக இரண்டு குறிப்புகள். அப்படியே எழுதிக்கொள்கிறேன்.

தேவசகாயம் (குழுவில் வெளியிலிருந்து வந்தவர், ஓய்வுபெற்ற தொழிற்சாலை ஆய்வாளர்), மார்ச் 13: 'இது உண்மையானால் முடிவே மாறிவிடும். இந்தக் கடிதங்கள் வந்தனவா என்று அலுவலகம் பார்த்துச் சொல்லவும். அதுவரை இந்தப் பத்தி இருக்கட்டும்.'

வசந்தாமணி, மார்ச் 14: 'பார்த்துவிட்டேன் ஐயா. அப்படிக் கடிதம் எதுவும் வரவில்லை.'

நேரம் மாலை 4.50. பத்தியை நீக்கியது 4.52.

இந்தக் குறிப்பை எழுதியது நினைவில் இல்லை என்று முதலில் இங்கே எழுதினேன். அடித்துவிட்டேன். பேனாவில் எழுதுவதில் இது ஒன்று, அடித்தாலும் கீழே இருப்பது தெரிகிறது.

கடிதம் வந்தது. இரண்டும் வந்தன. முதல் கடிதம் ஜனவரி 9. அந்த வாரம் ஆய்வுக் குழு வருகிறது என்று கல்லூரியே தலைகீழாக இருந்தது. ஆறுச்சாமி மேசை முன்னால் வந்து நின்றார். நான் போனில் பேசிக்கொண்டிருந்தேன். மேசை மேலிருந்த தபால் தட்டில் வைக்கும்படி கையைக் காட்டினேன். இரண்டாவது பிப்ரவரி 3. அப்போது என்ன வேலை இருந்தது என்று பலமுறை யோசித்திருக்கிறேன். பெரிதாக எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. போன கடிதம் இன்னும் தட்டில் இருக்கிறதே, சேர்த்து வைத்து அனுப்பலாம் என்று நினைத்தேன். பதிவேட்டில் ஏற்றவில்லை. பிப்ரவரி 21ஆம் தேதி குழாய் பிளந்தது.

அன்று மத்தியானம் எல்லோரும் பட்டறைக்கு ஓடினார்கள். நான் அலுவலகத்தில் இருந்தேன். தட்டிலிருந்து இரண்டையும் எடுத்து மேசையின் கீழ் இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேனா, முதலில் இதைச் செய்தேனா என்பது மட்டும் நிஜமாகவே நினைவில் இல்லை.

முதல்வர் இரண்டு பக்கம் என்று சொன்னது உண்மை. எதை எடுக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை.

மேக்கை அணைத்துவிட்டு அறையைப் பூட்டினேன்.

ஜூலை 8, செவ்வாய்

இழுப்பறையில் இருக்கின்றன. கோடு போட்ட நோட்டுத் தாள். கையெழுத்து பெரிது பெரிதாக இருக்கிறது. 'ஓஸ் வெடிப்பு உட்டிருக்குது. பசங்க கைய வெக்கிற எடம். சீக்கிரம் மாத்திக் குடுக்கோணும்.' முறையான அலுவலக வாசகம் இல்லை. அப்போது அதுவும் ஒரு காரணமாகப் பட்டது. திருப்பி எழுதி வாங்க வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

ஜூலை 10, வியாழன்

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் ஒரு மிக்ஸியின் மோட்டாரைப் பிரித்து வைத்துக்கொண்டு செப்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். சுற்று எண்ணிக்கை தவறும் என்பதால் முடியும்வரை காத்திருந்து சொன்னேன்.

"வேற ஆருக்குத் தெரியும்?"

"நிவேதிதாவுக்குப் பாதி."

"பாதிதானே புள்ள."

"ம்."

"இன்னும் ஏழு வருசம் சர்வீசு இருக்குது உனக்கு."

"ஆமா."

அப்புறம் மோட்டாரை ஓரமாக வைத்துவிட்டு வந்தார். சாப்பிட்டார். ரசத்தில் உப்பு இல்லை என்று சொல்லாமல் தானே போட்டுக்கொண்டார். கை கழுவிவிட்டு வந்து, "அந்தப் பையன் கை எப்படியிருக்குதாம்?" என்று கேட்டார்.

தெரியாது என்றேன். பதினேழு மாதமாக நான் விசாரிக்கவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

காலையில் வீட்டுக்காரர் வண்டியை வெளியே எடுத்துத் துடைத்து நிறுத்தியிருந்தார். எங்கே என்று நானும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. ஒடையகுளம் தாண்டி உள்ளே மூன்று கிலோமீட்டர். சாரல். கடிதங்களையும், இ தொகுப்பில் அச்செடுத்த மூன்று பக்கத்தையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டேன்.

ஆறுச்சாமி ஓட்டு வீட்டு வாசலில் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். எழுந்து நின்றார். "வாங்க மேடம், வாங்கண்ணா. உள்ள வாங்க" என்றார். வீட்டுக்காரர் வண்டியிடமே நின்றுகொண்டார். எனக்கு நாற்காலி போட்டார்கள். அவருடைய மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரம் நின்றார்.

முதலில் கடிதங்களைக் கொடுத்தேன்.

அவர் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு வாங்கினார். முதல் தாளைப் பார்த்தார். அடுத்ததைப் பார்த்தார். மனைவியிடம் நீட்டினார்.

"பாரு. குடுத்திருக்கேன்."

அந்தம்மாள் படிக்கவில்லை. முகத்தை உள்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"குடுத்தேனா இல்லையான்னு எனக்கே சந்தேகம் வந்துருச்சுங்க மேடம்" என்றார் ஆறுச்சாமி. "ஒருத்தராவது வந்துச்சுன்னு சொல்லோணுமில்ல? எல்லாரும் வல்லை வல்லைன்னா? இவளே கேட்டா. எழுதி வெச்சுட்டுக் குடுக்க மறந்து வந்துட்டியான்னு. அப்படித்தான் ஆயிருக்கும்போலன்னு நானும் நெனச்சுட்டேன். அந்தப் பையன் கையி என்னாலதான் போச்சுன்னு நெனச்சுட்டு இருந்தேனுங்க."

"நீங்க அன்னைக்கே இன்னும் கொஞ்சம் அழுத்தமா சொல்லியிருக்கலாம்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. எழுதி வைக்கிறேன், சொன்னேன் என்பதால்.

அவர் அச்செடுத்த பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோடு போட்ட சிவப்பு வரிகளின் மேல் விரலை வைத்தார்.

"சொன்னேனுங்களே மேடம். மேடத்துகிட்ட நேர்ல குடுத்தேன்னு பேரு வெச்சுச் சொன்னேன். கமிட்டிக்காரங்களும் எழுதியிருக்காங்க. அதத்தானுங்களே நீங்க அழிச்சிருக்கறீங்க."

மழை ஓட்டின் மேல் நன்றாகக் கேட்டது. அவர் தாளைத் திண்ணையில் வைத்தார்.

"இப்ப எதுக்குங்க கொண்டாந்தீங்க?"

மென்பொருள் ஒப்பிட்டுப் பார்க்கும்போது கிடைத்தது என்றேன். அவருக்குப் புரியவில்லை. விளக்கினேன்: ஒன்று காட்டாது, ஒன்று பாதி காட்டும், ஒன்று முழுவதும் காட்டும். அவர் கவனமாகக் கேட்டார். கேட்ட கேள்விக்கு இது பதில் இல்லை என்பது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும்.

"கோயமுத்தூர்ல கேட்டா வந்து சொல்லுவீங்களா?"

"கேக்காட்டியும் வருவேன்."

காப்பி வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை. தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்தேன். அவர் வாசல்வரை வரவில்லை. வண்டியில் வரும்போது வீட்டுக்காரர் ஒரே ஒரு தடவை, முன்னால் போன லாரியைத் திட்டினார்.

ஜூலை 15, செவ்வாய்

அறிக்கை கொடுத்தாயிற்று. பதினான்கு பக்கம், நான்கு இணைப்பு.

ஒன்பது கட்ட அட்டவணையில் விரிதாளுக்கு ஆ முதலில் வருகிறது. கடிதம், சான்றிதழுக்கு அ போதும். மொத்தத்தில் இ தொகுப்பைப் பரிந்துரைத்திருக்கிறேன். கொஞ்சம் மெதுவானது. மேக்கில் தேதி இடம் மாறுகிறது. ஆனால் கோப்புக்குள் இருப்பதை மறைப்பதில்லை. அலுவலகத்துக்கு அது வேண்டும் என்று எழுதினேன். பழைய கோப்புகளை மாற்றும்போது மாற்றப் பதிவுகளை நீக்கக் கூடாது என்றும் எழுதினேன். இணைப்பு நான்கு: ஒரே கோப்பு, மூன்று தொகுப்புகளில். பட்டறை அறிக்கையின் இரண்டாம் பக்கம், மூன்று அச்சு. அதன் பின்னால் கடிதங்களின் நகல்.

முதல்வர் முன்னாலேயே புரட்டினார். இணைப்பு நான்கில் நின்றார்.

"இது எதுக்குங்க மேடம்?"

"உதாரணத்துக்கு சார்."

திரும்பப் படித்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"தேவசகாயம் சார் என்கிட்டக் கேட்டாரு. லெட்டர் வந்துதான்னு. எங்க மேடம் பாத்துட்டு இல்லைன்னா இல்லைன்னு நான் சொன்னேன். பந்தயம் கட்டாத குறையாச் சொன்னேனுங்க."

கடிதங்களின் நகலைத் திருப்பினார்.

"லெட்டர் லேட்டாச்சுன்னு அன்னிக்கே வந்து சொல்லியிருந்தா ஒரு மெமோவோட போயிருக்குமில்லீங்க? ஆருக்கும் ஒண்ணும் ஆயிருக்காதே."

"ஆமாங்க சார்."

"இனி என் கையில ஒண்ணும் இல்ல."

"தெரியுங்க சார்."

வெளியே வந்தபோது நிவேதிதா வராந்தாவில் விடைத்தாள் கட்டோடு வந்துகொண்டிருந்தார். அறிக்கையின் ஒரு பிரதி அவருக்கும் கொடுத்தேன். அவர் பெயரையும் முதல் பக்கத்தில் போட்டிருக்கிறேன். "என்னோட பேரு எதுக்குங்க மேடம், நான் சும்மா கூட இருந்தேன்" என்றார். நீங்கள்தான் நிஜமான கோப்பு கேட்டீர்கள் என்றேன்.

ஜூலை 21, திங்கள்

முதல்வர் பேசுவதில்லை. கோப்புகளைக் கடைநிலை ஊழியரிடம் கொடுத்தனுப்புகிறார். நிர்வாகம் இ தொகுப்புக்கு ஒப்புதல் கொடுத்துவிட்டது. இன்று அலுவலகத்தின் ஆறு கணினிகளிலும் நிறுவினோம்.

ஆகஸ்ட் 6, புதன்

கோவை. விசாரணை பதினொன்றரைக்கு. இணை இயக்குநர் ஒருவர், எழுதுகிறவர் ஒருவர். ஆறுச்சாமி வெள்ளைச் சட்டை. தேவசகாயமும் வந்திருந்தார். என்னைப் பார்த்து வணக்கம் சொன்னார். பார்வையில் கோபம் எதுவும் இல்லை. கோபப்பட்டிருக்கலாம்.

கடிதம் வந்ததா என்று கேட்டார்கள். வந்தது. எப்போது? தேதிகளைச் சொன்னேன். ஏன் இல்லை என்று எழுதினீர்கள்? பயத்தில் என்றேன். எழுதுகிறவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதினார். வேறு காரணம் ஏதாவது? இல்லை.

மொத்தம் இருபது நிமிடம். வெளியே மரத்தடியில் அந்த மாணவனின் அப்பா நின்றுகொண்டிருந்தார். ஆறுச்சாமி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அருகில் போய்க் கை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். இரண்டு விரல் மடங்காது, லேத் வேலைக்குப் போக முடியாது, டிராயிங் பக்கம் சேர்த்துவிட்டிருக்கிறோம் என்றார். நான் யார் என்று அவர் கேட்டார். சொன்னேன்.  பேருந்து வரும்வரை அங்கேயே நின்றேன்.

ஆகஸ்ட் 25, திங்கள்

ஆணை வந்தது. ஆறுச்சாமியின் நீக்கம் ரத்து. செப்டம்பர் முதல் தேதி பணியில் சேரலாம். கண்காணிப்பாளர் மீது துறை நடவடிக்கை. அது முடியும்வரை தற்காலிகப் பணி நீக்கம்.

என் தற்காலிகப் பணி நீக்க ஆணையைக் கல்லூரிதான் தயாரித்துக் கொடுக்க வேண்டும். தட்டச்சர் இன்னும் புதிய தொகுப்பில் முகப்புத்தாள் அமைக்கப் பழகவில்லை. சின்னம் இடம் மாறுகிறது, பெயர் மேல் வந்து உட்காருகிறது. இரண்டு தடவை முயன்றுவிட்டு என்னைப் பார்த்தார். எழுந்து வாருங்கள் என்று நானே உட்கார்ந்து அடித்தேன். பதினைந்து வரி. அச்செடுத்து முதல்வர் அறைக்கு நானே எடுத்துப் போனேன். அவர் படித்துவிட்டுக் கையெழுத்திட்டார். என்னிடமே கொடுத்தார். பெற்றுக்கொண்டேன் என்று நான் கையெழுத்திட்டேன்.

"சாப்டீங்களா?" என்று கேட்டார். ஒரு மாதத்துக்குப் பின் பேசியது அதுதான்.

சாவிகளைப் பட்டியல் போட்டு ஒப்படைத்தேன். பதினேழு சாவி. கீழ் இழுப்பறைச் சாவியும் அதில் உண்டு.

ஆகஸ்ட் 28, வியாழன்

வீட்டில். அலமாரி சுத்தம் செய்தேன். நிவேதிதா போன் செய்தார். இ தொகுப்பில் முகவரி அச்சிடுவது எப்படி என்று அலுவலகத்தில் கேட்கிறார்களாம். சொன்னேன்.

செப்டம்பர் 1, திங்கள்

காலை பத்து மணிக்குப் போன். தெரியாத எண்.

"மேடம், ஆறுச்சாமி பேசறேனுங்க. ஆபீஸ்ல இருந்து. ஜாயினிங் ரிப்போர்ட்டு எழுதிக் குடுக்கோணுமாம். இங்க ஆருக்கும் வாசகம் தெரியலீங்க. எல்லாம் நீங்கதான் எழுதுவீங்களாம்."

தாள் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றார். சொல்லச் சொல்ல எழுதினார். ஒவ்வொரு சொல்லையும் திருப்பிச் சொன்னார். அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை.

"'மேற்கண்ட ஆணையின்படி இன்று முற்பகல் பட்டறை உதவியாளராகப் பணியில் சேர்ந்துள்ளேன் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.'"

"பணியில்... சேர்ந்துள்ளேன்... என்பதைப்..." நின்றார். "பணிவுடன்ங்கறது வேணுமுங்களா மேடம்?"

இருபத்தாறு வருடமாக எல்லாக் கடிதத்திலும் அதை அடித்திருக்கிறேன். வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது.

"வேண்டியதில்லை."

"அப்ப அத உட்டுடறேனுங்க."

"உட்டுடுங்க."

முழுவதும் படித்துக் காட்டினார். சரியாக இருந்தது.

"இத ஆரு கையில குடுக்கறதுங்க?"

"முதல்வர் கையில நேரா குடுங்க. இன்னொரு காப்பி எழுதி, வாங்கிக்கிட்டதுக்கு அதுல கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கங்க. வாங்காம அந்த இடத்தை விட்டு நகராதீங்க."

"செரிங்க" என்றார். வைத்துவிட்டார்.